இடது கைப் பெருவிரல்

எனக்கு முன்னால இன்னும் பதினாலு பேரு நிக்காங்க. பதினாலா, பதினஞ்சா? அந்த மஞ்சச் சேலை டீச்சர் கைப்பையைத் தரையில வச்சு இடம் போட்டுட்டுப் போயிருக்காளே, அவளையும் சேத்தா பதினஞ்சு. ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னு வச்சாக்கூட மத்தியானச் சாப்பாடு போச்சு. போகட்டும், ஒரு நாள் சாப்பிடாட்டா ஆவுடையப்பன் செத்தா போயிருவான்? முப்பத்தாறு வருஷம் பத்திர ஆபீஸ் வாசல்ல உக்காந்தே எழுதின உடம்பு, நிக்கிறதுக்குத்தான் பழகல, கெண்டைக்கால் ரெண்டும் இப்பவே முறுக்குது. காலேஜ்காரங்க நாலு ஃபேன் போட்டிருக்காங்க, நாலும் மேடையைப் பாத்துத்தான் சுத்துது. மேடைக்குக் கீழே, மேசைக்கு அந்தப் பக்கம், சக்கர நாற்காலியில அந்த அம்மா இருக்காங்க. டாக்டர் எஸ்தர் நவமணி. மின்னலை ஆராய்ச்சி பண்ணுதவங்க. மேகத்துக்குள்ள மின்சாரம் எப்படிச் சேருது, எங்க எறங்கும்னு உலகத்துக்கே சொல்லிக் குடுத்தவங்களாம், நம்ம பாளையங்கோட்டைப் பிள்ளை. முப்பது வயசுல தசையெல்லாம் கரையுத வியாதி வந்துட்டு. இப்போ அம்பத்தெட்டு வயசு, கண் இமை ரெண்டுந்தான் சொன்னபடி கேக்கும். கையெழுத்துன்னு யாராவது கேட்டா கைநாட்டுதான். 'டாக்டர் பட்டம் வாங்கின ஒரே கைநாட்டு நான்தான்'னு அவங்களே சொன்னதா பேப்பர்ல போட்டிருந்தான். படிச்சதும் பகவதி சிரிச்சா, நான் சிரிக்கல. அந்தச் செய்திக்கு மேல போட்டோ இருந்தது. முகத்தை நான் பாக்கல. மடியில கிடந்த கையைத்தான் பாத்தேன். யாரோ எடுத்து வச்சுட்டுப் போன மாதிரி மடியில ஒரு கை. கோமதியக்கா கை. இல்ல, இது அந்த அம்மா கை. எனக்குத் தெரியும், இது வேற, அது வேற. ஆனா அந்தப் பேப்பரை மடிச்சுத் தலையணைக்குக் கீழ வச்சிட்டு எட்டு நாளாத் தூங்காமக் கிடக்கேன். 'பேரன் பேத்திக்குன்னா அர்த்தம் இருக்கு, உங்களுக்கு எதுக்கு இந்த ஆட்டோகிராப்?'னு பகவதி கேட்டா. 'ஏட்டி, ஊருல அத்தனை பேரு பெருவிரலையும் பிடிச்சு உருட்டினவன் நான், ஒரு விஞ்ஞானி ரேகை எங்கிட்ட இருக்கப்படாதா?'ன்னு வாயடிச்சேன். பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொல்ல முடியுமா? மனசார ஒருத்தி குடுத்த ரேகை, ஒண்ணே ஒண்ணு, எங்கையில இருக்கணும். அது இருந்தா இன்னொண்ணு என்னை விட்டிரும். பைத்தியக்காரத்தனமாத்தான் இருக்கு. இருக்கட்டுமே.

வரிசை ஒரு ஆளு நகர்ந்துட்டு. நானும் ஒரு எட்டு வச்சேன். பக்கத்துல பேட்ஜ் குத்தின காலேஜ் பொண்ணு ஒருத்தி வரிசை நெடுகச் சொல்லிக்கிட்டே வாரா. 'சார், மேடம்கிட்ட நேரா அவங்களைப் பார்த்துக் கேளுங்க. கூட இருக்கிற லில்லி அம்மாகிட்ட கேக்காதீங்க, மேடத்துக்குப் பிடிக்காது. அவங்க கண்ணை ஒரு தடவை மூடினா ஆமா, ரெண்டு தடவை மூடினா இல்லை. அவங்க ஆமா சொன்ன பிறகுதான் லில்லி அம்மா விரலைத் தொடுவாங்க.' எனக்கு மட்டும் சொல்லுத மாதிரி எங்கிட்ட வரும்போது குரலை ஒசத்தினா. காது நல்லாக் கேக்கும் தாயி. லில்லி அம்மாங்குறது அவங்க கூடவே இருபது வருஷமா இருக்குத பொம்பள, கண்ணாடி போட்டு, நரைச்ச கொண்டை. அவங்க குரல் இங்க வரைக்கும் கேக்குது. 'உயிரா? வல்லினமா? மெல்லினமா?' மெல்லினத்துல இமை விழுது. 'ங, ஞ, ண, ந.' திரும்ப விழுது. எழுத்து எழுத்தா இப்படிப் பொறுக்கித்தான் அந்த அம்மா பேசுதாங்க. முன்னால நிக்கிற ஆளுகிட்ட ஏதோ கேக்காங்க. 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேக்கவே மூணு நிமிஷம் ஆகுது. லில்லியம்மா பாதியில வார்த்தையை ஊகிச்சு முடிச்சு வைக்கவே மாட்டேங்குறாங்க. நான் பல்லைக் கடிக்கேன். 'நல்லா இருக்'னு வந்துட்டா மிச்சம் என்னன்னு தெரியாதா? பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் நிக்காங்க. உயிரா, வல்லினமா. உயிரா, வல்லினமா. அன்னைக்கு நாங்க யாரும் இப்படி எழுத்துக்கு எழுத்து நிக்கல. அக்கா கட்டில்ல கிடந்து கண்ணை மூடி மூடித் தெறந்தா, சார்பதிவாளர் எதிர்ல ஸ்டூல்ல உக்காந்திருந்தார், நான் சொன்னேன், 'கண்ணை மூடிக் காட்டுதா சார், சம்மதம்னு சொல்லுதா.' எத்தனை தடவை மூடினா? ஒண்ணா, ரெண்டா? அக்காவுக்கு இந்தக் கணக்கு தெரியுமா என்ன? அவளுக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா? சும்மா இமைக்கதுக்கெல்லாம் அர்த்தம் தேடாத வே. எல்லாரும்தான் இமைக்கோம். ஒரு நிமிஷத்துக்குப் பதினஞ்சு தடவை இமைக்கோம்னு எங்கயோ படிச்சேன். அப்படிப் பாத்தா அக்கா அந்தப் பத்து நிமிஷத்துல நூத்தம்பது தடவை சம்மதம் சொன்னா. நூத்தம்பது தடவை இல்லன்னும் சொன்னா. அட விடு.

'சார், நீங்க எந்த ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர்?' பின்னால நிக்கிற பொம்பள கேக்கா. கையில அந்த அம்மா எழுதின புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் கலர் கலராச் சீட்டு ஒட்டி வச்சிருக்கா. 'நான் டீச்சர் இல்லம்மா, பத்திரம் எழுதுதவன்'னேன். 'அப்படியா சார், இண்டரஸ்டிங்'னு சொல்லிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. மின்னலுக்கும் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சிருப்பா. எனக்கே தெரியல. ஜிப்பாப் பையில கைய விட்டுப் பாக்கேன், மைப்பெட்டி இருக்கு. நானே கொண்டாந்துட்டேன். இவங்க வச்சிருக்கது கடையில வாங்கின ஊதா மை, ரேகை கொழகொழன்னு அப்பிரும். என்னுது கறுப்பு, காஞ்ச மை, சுழி ஒண்ணொண்ணும் தனித்தனியாத் தெரியும். 'ஆவுடையப்பன் உருட்டினா ரேகை பேசும்'னு சார்பதிவாளர்களே சொல்லுவாங்க. ரேகைச் சுழி சங்கா, சக்கரமான்னு கண்ணாடி இல்லாமச் சொல்லிருவேன். பத்திரத்துக்கு எப்பவும் இடது கைப் பெருவிரல்தான். விரலை இடது ஓரத்துல வச்சு வலது ஓரம் வரைக்கும் ஒரே உருட்டு, அழுத்தப்படாது, இழுக்கப்படாது. என் வாழ்நாள்ல என் கையில ஒரே ஒரு ரேகைதான் கெட்டுப்போனது. ரெண்டாவது தடவை வச்சும் கெட்டது. மூணாவது தடவை. 'என்ன வே, உம்ம கைக்கு என்ன ஆச்சு?'ன்னார் சார்பதிவாளர். 'கை நடுங்குது சார் அவளுக்கு'ன்னேன். சவம், அதை இப்ப எதுக்கு நினைக்கேன்? இப்பவும் காலையில காப்பி டம்ளர்ல ஆவி படிஞ்ச இடத்துல தெரியும். மழைக்காலத்துல சன்னல் கண்ணாடியில தெரியும். நடுவுல தேஞ்சு, ஓரத்துல இழுபட்டு, அப்பின ரேகை. துண்டால துடைப்பேன். பகவதி பாத்துட்டு, 'சுத்தக்காரருதான்'னு கேலி பண்ணுவா.

கோமதியக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டர். அந்தக் காலத்துல வெளியூருக்குப் பேசணும்னா அவ போட்டுக் குடுத்தாத்தான் உண்டு. அவ குரலைக் கேட்டா சீட்டுல சாஞ்சு உக்காந்திருக்கவன்கூட நிமிந்து உக்காருவான். வீட்டுலயும் அதே குரல்தான். நான் பசிக்குன்னு அடுக்களையில போயிக் கத்தினா, கரண்டியைக் காதுல வச்சுக்கிட்டு, 'லைன் பிஸியா இருக்கு சார், கொஞ்சம் காத்திருங்க'ம்பா. அத்தான் போனப்புறம், பிள்ளை குட்டியும் இல்ல, எங்க வீட்டுக்கே வந்துட்டா. எங்க வீடுன்னு சொல்லப்படாது, அப்பா எங்க ரெண்டு பேருக்குந்தான் வச்சுட்டுப் போனார். அவ கூட வேலை பாத்த சொர்ணம்னு ஒருத்தி, கல்யாணமும் ஆகல, ஒட்டுறவும் இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா வந்திருவா. ரெண்டும் தெருப்பக்கத்து ரூம்ல உக்காந்து கடலையைக் கொறிச்சுக்கிட்டு ரேடியோ கேக்கும், சிரிக்கும். ஒரு நாள் அக்கா சொன்னா, 'ஏல ஆவுடை, எம் பங்குல அந்தத் தெருப்பக்கத்து ரூமைச் சொர்ணம் பேருக்கு எழுதிரணும். அவளுக்குன்னு ஒரு கதவு வேணாமா? நீதான் ஊருக்கெல்லாம் எழுதுதியே, எனக்கும் ஒண்ணு எழுதித் தாயேன்.' நான் சரின்னேன். நாளைக்குன்னேன். ஆடி கழியட்டும்னேன். தாள் வாங்கணும்னேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா, கோவமில்லாம, டிரங்க் கால் போட்டுட்டுக் காத்திருக்கவளுக்குப் பொறுமைக்கா பஞ்சம்? எட்டு மாசம் கேட்டா. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை குளிச்சுட்டு வந்தவ வாசப்படியிலயே சரிஞ்சுட்டா. பக்கவாதம். ஒரு பக்கம் முழுக்க விழுந்துட்டு. பேச்சு போயிட்டு. அந்தக் குரல் அப்படியே போயிட்டு. ஒரு பக்கம்னா எந்தப் பக்கம்? அதை யாரு கேட்டா இப்ப?

ஏழு பேரு. எப்படி ஏழு ஆச்சு? நின்னுக்கிட்டே கனவு கண்டிருக்கேன். மஞ்சச் சேலை டீச்சர் வந்து சேந்துட்டா, வாயில முறுக்கு. உள்ளங்கை வேர்த்து ஒழுகுது, வேட்டியில துடைக்கேன். திரும்பிப் போயிரலாமா? வரிசையில இருந்து விலகினா யாரு கேக்கப் போறா, 'பாவம், வயசானவரு, முடியல போல'ம்பாங்க. ஆனா கால் நகர மாட்டேங்குது. அங்க மேசையில ஒரு காலேஜ் வாத்தியார் நிக்கார், 'மேடம், உங்க ரேகையை என் புத்தகத்தில் பதிக்கலாமா?'ன்னு இலக்கணமாக் கேக்கார். அந்த அம்மா இமை விழுது. ஒரு தடவைதான். லில்லியம்மா அந்தக் கையை ரெண்டு கையாலயும் ஏந்தி எடுத்து, மையில தொட்டு, தாள்ல வச்சு, எடுத்து, ஈரத் துணியால துடைச்சு, மறுபடி மடியில வைக்காங்க. கேட்டாங்க, குடுத்தாங்க. அவ்வளவுதானா? இவ்வளவு லேசான காரியமா இது? அக்காவைப் பாத்த டாக்டர் அன்னைக்கு என்ன சொன்னார்? மருந்துச் சீட்டை எழுதிக்கிட்டே சொன்னார், 'கவலைப்படாதீங்க, பேச்சு திரும்ப வர நிறைய வாய்ப்பிருக்கு, மூணு நாலு மாசத்துல ஒண்ணு ரெண்டு வார்த்தை வர ஆரம்பிக்கும்.' பகவதி கையெடுத்துக் கும்பிட்டா. எனக்குக் குலை நடுங்கிப்போச்சு. கூடப்பிறந்தவளுக்குப் பேச்சு வரப்போகுதுன்னு கேட்டு எந்தத் தம்பியாவது நடுங்குவானா? நான் நடுங்கினேன். வாய் வந்த முதல் வார்த்தையே சொர்ணம்னு வந்துட்டா? மூணு மாசம்னார் டாக்டர். நான் மூணே வாரத்துல சார்பதிவாளரை வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கு வந்து பதிவு பண்ணலாம், சட்டத்துல இடமிருக்கு. சட்டம் எனக்கா தெரியாது? இன்னொண்ணும் தெரியும். பிள்ளையில்லாதவ பத்திரம் எதுவும் எழுதாமப் போயிட்டா, அப்பா வழியில வந்த பங்கு திரும்ப அப்பா வழிக்கே வரும். அதாவது எனக்கு. நான் சும்மா இருந்திருந்தாலே போதும். அவ அதுக்கப்புறம் பதினோரு மாசந்தான் இருந்தா, பேச்சும் வரல. பதினோரு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எந்தப் பாவமும் இல்லாம அந்த ரூம் எங்கிட்ட வந்திருக்கும். ஊருக்கெல்லாம் பொறுங்க பொறுங்கன்னு சொன்ன பய, எனக்குன்னு வரும்போது பொறுக்கல.

மூணு பேரு. மாவிலை வாசம் வருது, மேடையில தோரணம் கட்டியிருக்கான். அன்னைக்கும் ஏதோ வாசம். தைலம், வேப்பெண்ணெய், பினாயில். அக்கா கட்டில் தெருப்பக்கத்து ரூம்லதான் கிடந்தது. நானே எழுதின பத்திரம், விடுதலைப் பத்திரம், 'என் பங்கை என் தம்பிக்கு விட்டுக் கொடுத்து விடுகிறேன்'னு. கடைசி வரி எல்லாப் பத்திரத்துலயும் வார வரிதான், ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். 'யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, சுய நினைவோடும் முழு மனதோடும் எழுதிக் கொடுத்த பத்திரம்.' அந்த வரியை எழுதும்போது பேனா நிக்கவே இல்ல, வழக்கம்போல ஓடிட்டு. சாட்சிக்கு ரெண்டு பேரு, ரெண்டு பேரும் என் கூட்டாளிங்க, வாசல்ல நின்னு வெத்தலை போட்டுக்கிட்டிருந்தாங்க. சார்பதிவாளர் நல்ல மனுஷன், குனிஞ்சு, 'அம்மா, தெரிஞ்சுதான் குடுக்கீங்களா?'ன்னு கேட்டார். அக்கா அவரைப் பாக்கல. என்னைப் பாத்தா. கண்ணை மூடினா, தெறந்தா. தொண்டையில இருந்து ஒரு சத்தம் வந்தது. நான் அவர் அடுத்த கேள்வி கேக்கதுக்குள்ள சொல்லிட்டேன், சம்மதம்னு சொல்லுதான்னு. அப்புறம் கையைப் பிடிச்சேன். விழுந்த கை. செத்த கை. அதுல என்ன இருக்கு, தூக்கி வச்ச இடத்துல கிடக்கும். மையில தொட்டு வச்சேன், அப்பிட்டு. திரும்ப வச்சேன். மூணு தடவை வச்சேன். எல்லாரும் போனப்புறம் தேங்காயெண்ணெய் தொட்டு விரலைத் துடைச்சு விட்டேன். நகக்கண்ணுல மை நின்னுட்டு, போகவே இல்ல, நாலஞ்சு நாளு கறுப்பாவே இருந்தது. அதுக்கப்புறம் நான் ரூமுக்குள்ள போனா அக்கா என் மூஞ்சியைப் பாக்க மாட்டா. என் கையைத்தான் பாப்பா. நான் கஞ்சி கொண்டு போனாலும் கையைத்தான். பத்தொன்பது வருஷம் ஆச்சு. அக்கா சாவுக்குச் சொர்ணம் வந்தப்போ வாசல்லயே நின்னா, உள்ள வான்னு நான் கூப்பிடல.

'அடுத்து வாங்க சார்.' யாரு, நானா? நான்தான். எனக்கு முன்னால மேசை. வெள்ளை விரிப்பு, ஊதா மை, ஈரத் துணி. கொண்டாந்த தாளை, பத்திரம் எழுதுத பச்சைத் தாளை, விரிச்சு வச்சேன். அந்த அம்மா முகம் இவ்வளவு கிட்டக்க. சின்ன முகம், தலையைத் தாங்க ஒரு பட்டை, கண்ணு ரெண்டும் கறுகறுன்னு என்னைப் பாக்குது. கேக்கணும். எட்டு நாளா மனப்பாடம் பண்ணின வாக்கியம் இருக்கு, அம்மா, உங்க ரேகை எனக்கு ஒண்ணு வேணும், தருவீங்களா. வாயைத் தெறந்தேன். லில்லியம்மா குனிஞ்சு ஏதோ தாளை ஒதுக்குதாங்க. மடியில கை கிடக்கு. இடது கை. அப்புறம் என்ன நடந்ததுன்னு நான் சொல்லத் தேவையில்ல, என் கைக்குத்தான் தெரியும். முப்பத்தாறு வருஷமா விரலைக் கண்டா எட்டிப் பிடிக்கிற கை. ஜிப்பாப் பையில இருந்து மைப்பெட்டி எப்ப வந்தது, மூடி எப்பத் தெறந்ததுன்னு தெரியல, அந்த அம்மா பெருவிரல் என் ரெண்டு விரலுக்கு நடுவுல இருக்கு, மையில ஒரு தொடு, தாள்ல இடது ஓரத்துல இருந்து வலது ஓரம் ஒரே உருட்டு. முடிஞ்சுட்டு. சுழி சுழியா, சக்கரம், ஒரு கோடு அழியல. என் ஆயுசுல இவ்வளவு சுத்தமா ஒரு ரேகை நான் எடுத்ததில்ல. அந்தக் கணத்துல, சாமி சத்தியமாச் சொல்லுதேன், எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. அப்புறந்தான் விரலோட கனம் என் கையில உறைச்சது. கனமே இல்ல. ஒரு சின்ன எதிர்ப்புக் கிடையாது, நான் தூக்கின பக்கம் வந்தது, விட்ட பக்கம் விழுந்தது. விழுந்த கைன்னா இப்படித்தான் இருக்கும். இப்படித்தான் இருக்கணும். அன்னைக்கு நான் பிடிச்ச கை இப்படி இல்லியே.

'சார்! என்ன சார் பண்றீங்க? அவங்களைக் கேக்கவே இல்லியே நீங்க!' லில்லியம்மா குரல் உடைஞ்சு போச்சு. பேட்ஜ் போட்ட பொண்ணு ஓடி வாரா. பின்னால புத்தகக்காரப் பொம்பள, 'அய்யய்யோ, என்ன மனுஷன்'ங்கா. 'மன்னிச்சிருங்கம்மா, பழக்கம், கைப்பழக்கம், நான் பத்திரம் எழுதுதவன்'னு ஏதேதோ உளறுதேன். வரிசை முழுக்க என்னையே பாக்குது. அந்த அம்மா இமை படபடன்னு அடிச்சது. லில்லியம்மா சட்டுனு அமைதியாகி அவங்க முகத்துக்கு நேரா போயிட்டாங்க. 'சொல்லுங்கம்மா. உயிரா?' இமை விழுந்தது. 'அ, ஆ, இ.' விழுந்தது. அடுத்தது வல்லினம். க, ச, ட, த, ப. பின்னால யாரோ உச்சுக்கொட்டினாங்க. நான் நின்னேன். எழுத்து எழுத்தா நின்னேன். ஊகிக்கல, முடிச்சு வைக்கல, மூச்சுகூட விடல. எவ்வளவு நேரம் ஆச்சோ, லில்லியம்மா நிமிந்தாங்க. 'இப்பக் கேளுங்கன்னு சொல்றாங்க.' அந்தக் கண்ணைப் பாத்துக் கேட்டேன், 'அம்மா, உங்க ரேகை எனக்கு வேணும். தருவீங்களா?' அந்த அம்மா அவசரப்படல. என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. இமை மூடினது. தெறந்தது. ஒண்ணு. திரும்ப மூடினது. ரெண்டு. 'இல்லன்னு சொல்றாங்க சார்'னு லில்லியம்மா மெதுவாச் சொன்னாங்க. மேசையில அந்தத் தாளு, அழகான ரேகையோட, என் பக்கமாத் திரும்பிக் கிடக்கு. எடுத்துட்டு நடந்தா யாரும் தடுக்க மாட்டாங்கன்னு தெரியும். தாளை அந்த அம்மா பக்கம் நகட்டி வச்சேன். 'சரிம்மா'ன்னேன். போயிருக்கணும் அதோட. கால் போகல, வாய்தான் போச்சு. 'எங்க அக்கா ஒருத்தி இருந்தாம்மா. அவளுக்கு விழுந்தது வலது பக்கம்.' 'சார், ப்ளீஸ், பின்னால ஆளுங்க நிக்கிறாங்க'ன்னு பேட்ஜ் பொண்ணு என் முழங்கையைத் தொட்டா. 'ஒரு நிமிஷம் தாயி. வலது பக்கந்தாம்மா விழுந்தது. இடது கை நல்லாத்தான் இருந்தது அவளுக்கு. நான் மையை எடுத்ததும் பெருவிரலை உள்ள வச்சு முட்டியை இறுக்கி மூடிக்கிட்டா. நான்தான் சார்பதிவாளருக்கு முதுகைக் காட்டி உக்காந்து, ஒவ்வொரு விரலாப் பிரிச்சேன்.' லில்லியம்மா அந்த அம்மா முகத்துக்கு நேரா குனிஞ்சு, 'ஏதாவது சொல்லணுமாம்மா? உயிரா? வல்லினமா?'ன்னு கேட்டாங்க. அந்த அம்மா எதுக்கும் இமைக்கல. என் கையைப் பாத்துக்கிட்டிருந்தாங்க.